வியாபாரியாக இருந்து நிதியமைச்சரான டி.டி.கே.



பட்ஜெட் என்றால் நம் கடைவீதியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எது ஏறிற்று, எது இறங்கிற்று? 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபிறகு சரக்குகளின் வரி விகிதம் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் முடிவாகிறது. ஆனாலும் பட்ஜெட் அன்று நாம் டி.வி. முன் உட்காருவது நிற்கவில்லை. நிதியமைச்சர் பேனாவை எடுத்தால் அது நம் கல்லாப்பெட்டியில் வந்துதான் நிற்கும் என்பது நமக்குப் பரம்பரையாகத் தெரிந்த விஷயம்.

அந்த நாற்காலியில் தமிழர்கள் பலர் அமர்ந்திருக்கிறார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று படித்தவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1980 முதல் 1982 வரை அப்பதவியில் இருந்த ஆர். வெங்கட்ராமன் நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர். சி. சுப்பிரமணியம், ப. சிதம்பரம், நிர்மலா சீதாராமன் என்று வரிசை நீளும். இவர்களில் நாம் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. காரணம், அவர் கம்பெனிகளிடம் ஏஜென்சி எடுத்து, கடைகளுக்குச் சரக்கு போட்டு, பாக்கி வசூல் செய்து பிழைத்தவர். அதாவது, நம் தொழிலைச் செய்தவர்.

ஏஜென்சிக்காரர்

டி.டி.கே. 1899 நவம்பர் 26-ல் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். 1928-ல் சென்னையில் தன் பெயரிலேயே ஒரு வியாபார நிறுவனம் தொடங்கினார். லீவர் பிரதர்ஸ் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளின் சரக்குகளைத் தென்னாட்டுக் கடைகளுக்கு விநியோகிப்பது வேலை.

அந்தக் காலத்தில் பெட்டிபோட்ட சோப்பும் புட்டியில் அடைத்த சாமானும் பட்டணத்துச் சரக்கு. கிராமத்துக் கடைக்காரர் அதை வாங்கி வைக்கவே யோசிப்பார். அவரிடம் சரக்கை நம்பிக் கொடுத்து, விற்றபின் பணம் வாங்கி, கம்பெனிக்குத் தவணை தவறாமல் கட்ட வேண்டும். ஏஜென்சி எடுத்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். மேலே கம்பெனிக்காரன் இலக்கு வைப்பான். கீழே கடைக்காரர் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். இரண்டுக்கும் நடுவில் நிற்பவனுக்குக் கணக்கு ஒரு காசு பிசகக்கூடாது.

1937-ல் சுயேச்சையாக நின்று சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனார். 1942-ல் டெல்லியில் மத்திய சட்டசபைக்குப் போனார். பிற்பாடு காங்கிரஸில் சேர்ந்தார். வியாபாரத்தை மகன்கள் கவனித்துக்கொண்டார்கள்.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினர். சட்டம் வரையும் குழுவில் ஒருவர் இறந்துபோக, அந்த இடத்துக்கு டி.டி.கே. வந்தார். 1948 நவம்பர் 5 அன்று சபையில் பேசும்போது, ஏழு பேர் கொண்ட குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், மற்றவர்கள் பல காரணங்களால் வரவில்லை, கடைசியில் பாரம் முழுவதும் டாக்டர் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் வேலை செய்தார் என்பதை மறைக்காமல் சொன்ன அந்தப் பேச்சை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

1952-ல் நேரு மந்திரிசபையில் வணிகம், தொழில் துறை அவரிடம் வந்தது. வெளிநாட்டுச் சரக்கை இறக்கி விற்றவர், இப்போது இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு போடும் இடத்தில் அமர்ந்தார். இறக்குமதி சுருங்கியதும் ஏஜென்சிக்காரர்கள் பலர் இங்கேயே உற்பத்தி செய்யும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. டி.டி.கே. குடும்ப நிறுவனமும் அப்படித்தான் உற்பத்திக்கு மாறியது. நம் வீட்டு அடுப்பில் இருக்கும் பிரெஸ்டீஜ் குக்கர் அந்த வழியில் வந்ததுதான்.

காலணா போய் நயா பைசா வந்த கதை

1956 ஆகஸ்ட் 30 அன்று அவர் நிதியமைச்சரானார். அவர் பதவியில் இருந்தபோதுதான், 1957 ஏப்ரல் 1 முதல், தசம நாணயம் புழக்கத்துக்கு வந்தது. அதற்கான சட்டம் அவருக்கு முன்பே, 1955-ல், நிறைவேறிவிட்டது. நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு அவர் காலத்தில் வந்து சேர்ந்தது.

நம் ஊருக்குக் காசு மாறுவது புதிதல்ல. தரங்கம்பாடியில் 1620-ல் கோட்டை கட்டிய டேனியர்கள் இங்கே தனிக் காசு அடித்துப் புழங்கினார்கள். 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனபிறகு கும்பினிக் காசு வந்தது. ஆனால் 1957-ல் மாறியது காசு மட்டுமல்ல, கணக்குப் போடும் முறையே மாறியது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, அறுபத்துநான்கு காலணா, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பை என்றிருந்தது ஒரேயடியாக நூறு நயா பைசா ஆயிற்று.

ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. ஆகவே அரைப் பைசாவும் அதற்குக் கீழும் இருந்தால் விட்டுவிட வேண்டும், மேலே இருந்தால் ஒரு பைசாவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி செய்தார்கள். ஒரு அணா 6 பைசா, இரண்டு அணா 12, மூன்று அணா 19, நாலணா 25 என்று அட்டவணை வந்தது.

இதில் மளிகைக் கடைக்கு என்ன வந்தது என்று பாருங்கள். ஓரணாச் சாமானைப் பதினாறு பேருக்குத் தனித்தனியாக விற்றால் முன்பு ஒரு ரூபாய் வரும். புதுக் காசில் வாங்கினால் 96 பைசாதான் வரும். கடைக்காரருக்கு நாலு பைசா நஷ்டம். காலணாச் சாமானில் கதை தலைகீழ். காலணாவுக்கு ஒன்றரைக்குச் சற்று மேலே வருவதால் இரண்டு பைசா. அறுபத்துநான்கு காலணாச் சாமான் விற்றால் 128 பைசா. இருபத்தெட்டுப் பைசா ஏழையின் மடியிலிருந்து போகும். வெற்றிலை, பாக்கு, தாளிப்புச் சாமான் என்று கால், அரையாக வாங்குபவர்கள் அவர்கள்தானே!

என் தகப்பனார் அப்போது பொறையாற்றில் மளிகைக் கடை வைத்திருந்தார். காலணாச் சாமான் கேட்பவருக்கு அரையணாவுக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லி, மூன்று பைசா வாங்குவாராம். தனித்தனியாக வாங்கினால் நாலு பைசா. "ஒரு பைசாவுக்காக ஒரு வாடிக்கையை இழக்கலாமா?" என்று அவர் கேட்பார். அட்டவணையைச் சர்க்கார் எழுதலாம். அதைச் சச்சரவு இல்லாமல் நடத்திக் கொடுத்தவர்கள் நாடெங்கும் இருந்த சில்லறைக் கடைக்காரர்கள்தான். 1964 ஜூன் முதல் "நயா" என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள்.

இதோடு எடை, அளவும் மாறியது. 1956-ல் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக வீசையும் பலமும் போய்க் கிலோவும் கிராமும் வந்தன. வீசை என்பது சுமார் 1,400 கிராம். விலையும் புதுக் காசு, எடையும் புது எடை என்றால் கடைக்காரர் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள்.

வரிமேல் வரி

அப்போது இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியிருந்தது. பெரிய உருக்காலைகள், இயந்திரங்கள் என்று செலவு கூடியது. அன்னியச் செலாவணி கையிருப்பு வேகமாகக் கரைந்தது. பணம் வேண்டும். எங்கே எடுப்பது?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டர் 1956-ல் இந்திய வரி முறையைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். வருமானத்தை ஒளிக்கலாம். ஆனால் சொத்து, செலவு, அன்பளிப்பு, சொத்து விற்ற லாபம் என்று எல்லாப் பக்கமும் வலை விரித்தால் ஏதாவது ஒன்றில் அகப்பட்டே தீர வேண்டும் என்பது அவர் வாதம். டி.டி.கே. அதைக் கையில் எடுத்துக்கொண்டார். மூலதன ஆதாய வரி திரும்ப வந்தது. 1957-ல் சொத்து வரியும் செலவு வரியும் சட்டமாயின. மறு ஆண்டு நன்கொடை வரி வந்தது.

இவையெல்லாம் பணக்காரர்களுக்கான வரிகள். இரண்டு லட்சத்துக்கு மேல் சொத்து இருந்தால்தான் தனி நபருக்குச் சொத்து வரி. ஆரம்ப விகிதம் அரை சதவீதம். செலவு வரியோ, வரி போக 36,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குத்தான். அன்று அது பெரிய தொகை. ஆனால் அதே பட்ஜெட்டில் வருமான வரி விலக்கு வரம்பை 4,200 ரூபாயிலிருந்து 3,000 ஆகக் குறைத்தார். சர்க்கரை, தேயிலை, காபி, புகையிலை, தீப்பெட்டி மீது கலால் வரியைக் கூட்டினார். இவை நேராக நம் கடைப் பலகைக்கு வருபவை. மேலே இருப்பவனுக்குப் புதுவரி, கீழே இருப்பவனுக்குப் பழைய வரியின் கனம் என்று இரண்டு பக்கமும் முணுமுணுப்பு எழுந்தது.

அந்த வரிகள் என்ன ஆயின? செலவு வரி 1962-ல் எடுக்கப்பட்டு, டி.டி.கே. மறுபடி வந்தபோது 1964-ல் திரும்பி, 1966-ல் ஒரேயடியாகப் போயிற்று. நன்கொடை வரி 1998-ல் போனது. சொத்து வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். மூலதன ஆதாய வரி மட்டும் நிலைத்துவிட்டது.

இதற்குக் காரணம் நமக்குப் புரியாததல்ல. ஒருவன் மாதம் எவ்வளவு செலவு செய்தான் என்று வீடு வீடாகக் கணக்குக் கேட்பது நடக்கிற காரியமா? கிடைக்கும் வரி கொஞ்சம், வசூலிக்கும் சிரமமோ அதிகம். பத்து ரூபாய்ப் பாக்கிக்கு இருபது ரூபாய் பஸ் செலவு செய்து ஆள் அனுப்பும் வியாபாரி எவனும் இல்லை. சொத்து விற்ற லாபமோ, பத்திரத்திலும் பேரேட்டிலும் தானே தெரிந்துவிடும். தாளில் அழகாக இருக்கும் வரி வேறு, வசூலாகும் வரி வேறு. வியாபாரம் தெரிந்த நிதியமைச்சரே இதில் வழுக்கினார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அவருக்குக் கோபமும் அதிகம். ரிசர்வ் வங்கி கவர்னர் பெனகல் ராம ராவுடன் மோதல் வந்து, பிரதமர் நேரு மந்திரியின் பக்கம் நிற்க, 1957 ஜனவரியில் கவர்னர் ராஜினாமா செய்தார்.

முந்த்ரா விவகாரம்

டி.டி.கே. என்றால் இன்றும் படித்தவர்கள் நினைவில் வருவது முந்த்ரா விவகாரம். இதை நாம் நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதில் பாடம் நமக்கே.

1956-ல் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இருநூற்றுச் சொச்சத்தையும் அரசு எடுத்து, செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி.யை உண்டாக்கியது. ஊரெல்லாம் மாதாமாதம் கட்டும் பிரீமியம் ஒரே பெட்டியில் சேர்ந்தது. பெரிய பணம். ஆனால் அது பாலிசிதாரர்களின் பணம்.

1957 ஜூனில் அந்த எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தாத் தொழிலதிபருக்குச் சம்பந்தப்பட்ட ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. முந்த்ரா அப்போது கடன் நெருக்கடியில் இருந்தவர். எல்.ஐ.சி.க்கு முதலீட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. அந்தக் குழுவைக் கேட்காமலே கொள்முதல் முடிந்துவிட்டது.

1957 டிசம்பரில் மக்களவையில் இதை எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. காங்கிரஸ் உறுப்பினர், அதிலும் பிரதமர் நேருவின் மருமகனான ஃபெரோஸ் காந்தி. சொந்தக் கட்சி, சொந்த வீடு என்று பாராமல் அவர் கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் வரவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவைக் கொண்டு ஒருநபர் கமிஷன் அமைத்தார்கள். விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். கூட்டம் அலைமோதியது. ஒரே மாதத்துக்குள் விசாரணை முடிந்து, 1958 பிப்ரவரியில் அறிக்கையும் வந்துவிட்டது. இன்று கமிஷன்கள் இழுக்கும் காலத்தை நினைத்தால் ஆச்சரியம்தான்.

நிதித்துறையின் தலைமைச் செயலாளர் எச்.எம். படேல், மந்திரிக்குத் தெரிந்துதான் நடந்தது என்றார். தான் ஒப்புதல் தரவில்லை என்றார் டி.டி.கே. சாக்ளா எடுத்த முடிவு இது: செயலாளர் செய்த காரியத்துக்கு மந்திரி அரசியல் சட்டப்படி பொறுப்பேற்றே ஆக வேண்டும், எனக்குத் தெரியாது என்று கீழே இருப்பவர் மேல் போட முடியாது. டி.டி.கே. ராஜினாமா செய்தார். அந்த ஆண்டுப் பட்ஜெட்டைப் பிரதமர் நேருவே படிக்க நேர்ந்தது. முந்த்ரா சிறைக்குப் போனார்.

டி.டி.கே. சொந்தமாகப் பணம் எடுத்தார் என்று கமிஷன் சொல்லவில்லை. அவர் பதவி போனது பொறுப்பு என்ற ஒரே சொல்லுக்காக.

மறுபடி வந்தார், மறுபடி போனார்

1962 தேர்தலில் திருச்செந்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தேர்வானார். சீனப் போர்ச் சமயத்தில் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு இலாகா கிடைத்தது. காமராஜ் திட்டத்தின்படி மொரார்ஜி தேசாய் விலகியதும், 1963 ஆகஸ்டில் மீண்டும் நிதியமைச்சர்.

இம்முறை நிலைத்த காரியங்கள் சில நடந்தன. சிறுசேமிப்பாளர்களும் பங்குச் சந்தையின் பலனை அடைய வேண்டும் என்று யூனிட் டிரஸ்ட் 1964 பிப்ரவரியில் வந்தது. தொழிற்சாலைகளுக்கு நீண்டகாலக் கடன் கொடுக்க ஐ.டி.பி.ஐ. அதே ஆண்டு ஜூலையில் வந்தது. கறுப்புப் பணத்தை வெளியே கொண்டுவர 1965-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார். மறைத்ததைச் சொல்லி அறுபது சதவீதம் வரியாகக் கட்டிவிட்டால் நாற்பது உனக்கு என்பது கணக்கு. அதே 1965 ஜனவரியில்தான், சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தபோது, இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தை நம் தஞ்சாவூரில் திறந்தது. நெல் வியாபாரிகளுக்கு அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

1965-ல் அவர் மீது நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் புகார் மனு கொடுத்தார்கள். அதை ஒரு நீதித்துறைப் பெரியவரின் பார்வைக்கு அனுப்பலாம் என்றார் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. தன்னை நம்பினால் பிரதமரே நிராகரிக்க வேண்டும் என்றார் டி.டி.கே. ஒத்துவரவில்லை. 1965 டிசம்பர் 31 அன்று ராஜினாமா செய்தார். 1974 மார்ச்சில் காலமானார். சென்னையில் மௌபரீஸ் ரோடு இப்போது டி.டி.கே. சாலை. மியூசிக் அகாடமி அரங்கமும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

முதலாவது, பொறுப்பு. ஜி.எஸ்.டி. ரிட்டர்னை ஆடிட்டர் ஆபீஸ் பையன் போடுகிறான். சரக்கைக் குமாஸ்தா எடை போடுகிறார். பில்லை மைத்துனர் எழுதுகிறார். ஆனால் நோட்டீஸ் வந்தால் பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயருக்குத்தான் வரும். "எனக்குத் தெரியாது" என்ற பதில் நாட்டின் நிதியமைச்சருக்கே செல்லவில்லை, நமக்கா செல்லும்? வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கணக்குப்பிள்ளை எழுதியதை நாமே பார்ப்பது நல்லது.

இரண்டாவது, பிறர் பணம். சொந்தப் பணத்தில் நஷ்டம் வந்தால் நம் வீட்டோடு போகும். பிறர் பணம் அப்படியல்ல. யூனிட் டிரஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் திட்டமான யூ.எஸ்.-64, அரசு பின்னால் இருக்கிறது என்று நம்பிப் போட்டவர்களை 2001 ஜூலையில் பணம் எடுக்க முடியாமல் நிறுத்திவைத்தது. ஆரம்பித்தவர் நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. பெட்டியைக் காப்பதற்கு விதி வேண்டும், அந்த விதியைத் தினமும் கடைப்பிடிக்கவும் வேண்டும்.

நம் சங்கங்களிலும் பொதுப் பணம் இருக்கிறது. கட்டிட நிதி, குடும்ப நல நிதி, திருவிழா மண்டகப்படிப் பணம், சீட்டுப் பணம். பொருளாளர் நல்லவர், தலைவர் அவசரம் என்றார், காசோலை எழுதிவிட்டோம் என்று ஆகிவிடக்கூடாது. முந்த்ரா பங்கு வாங்கியதும் இப்படிக் குழுவைக் கேட்காமல்தான். எவ்வளவு அவசரமானாலும் செயற்குழுவைக் கூட்டி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, இரண்டு கையெழுத்தோடு பணம் வெளியே போகட்டும். ஆண்டுதோறும் ஐந்தொகையை அச்சடித்து ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கேள்வி கேட்பது. ஃபெரோஸ் காந்தி கேட்காவிட்டால் பாலிசிதாரர்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது. அவர் பகையால் கேட்கவில்லை. சங்கக் கூட்டத்தில் கணக்குக் கேட்பவரை நாம் வம்புக்காரர் என்று முகம் சுளிக்கிறோம். அவரை முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். பதில் சொல்லத் தெரிந்த பொருளாளருக்குக் கேள்வியால் குறைவு வராது.

டி.டி.கே. திறமைசாலி. சோப்பு ஏஜென்சியில் ஆரம்பித்து நாட்டின் கஜானாச் சாவியை இரண்டு முறை கையில் வைத்திருந்தவர். வணிகனுக்கு அரசியல் எதற்கு என்பவர்களுக்கு அவர் வாழ்க்கை ஒரு பதில். அவர் இரண்டு முறையும் பதவியை விட்டு இறங்கிய விதமும் நமக்குப் பாடம்தான். அடுத்த பொதுக்குழுவுக்கு வரும் நண்பர்கள் தத்தம் கிளைச் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைக் கையோடு கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.